நட்டு, போல்ட், நாலு நண்பர்கள்... வீட்டிலேயே பிறக்கும் ஸ்போர்ட்ஸ் கார்!

புது கார் வாங்கினால் என்ன செய்வோம்? ஷோரூமில் பூஜை போட்டு, எலுமிச்சம்பழத்தை நசுக்கி, சாவியை வாங்கிக்கொண்டு வீட்டுக்கு ஓட்டி வருவோம். பிரிட்டனில் சிலர் வாங்கும் காருக்குச் சாவி முதலில் வராது. லாரியில் பெட்டி பெட்டியாகச் சாமான்கள்தான் வந்து இறங்கும். இரும்புக் கூடு ஒன்று, சக்கரங்கள் நான்கு, வயர் சுருள்கள், பை பையாக நட்டு போல்ட். அவற்றைப் பூட்டிக் காராக்க வேண்டியது வாங்கியவரின் வேலை.

இதற்குப் பெயர் கிட் கார். குழந்தைகள் பிளாஸ்டிக் துண்டுகளைக் கோத்து விமானம் செய்வதுபோல, பெரியவர்கள் ஸ்பேனர் பிடித்து நிஜக் காரைச் செய்கிறார்கள். 60 வருடங்களுக்கும் மேலாக அங்கே இது ஒரு தீராத பைத்தியம். ஆசிரியர், எலெக்ட்ரீஷியன், ஓய்வுபெற்ற தாத்தா என்று எல்லோருக்கும் இதில் இடம் உண்டு.

வரி வளர்த்த கார்

இந்தக் கதையின் நாயகன் காலின் சாப்மன். லண்டனில் இன்ஜினீயரிங் படித்த இளைஞர். 1948-ல், பழைய ஆஸ்டின் 7 காரைப் பிரித்துத் தன் முதல் காரைக் கட்டினார். பட்டறை? காதலி ஹேசல் வீட்டுப் பின்பக்க கராஜ்! பின்னாளில் அவர் கம்பெனி தொடங்க 25 பவுண்டு கடன் கொடுத்ததும் அதே ஹேசல்தான். அந்தக் கம்பெனிதான் லோட்டஸ். பிற்காலத்தில் ஃபார்முலா ஒன் பந்தயங்களில் உலகப் பட்டங்களைக் குவித்த அதே லோட்டஸ்.

1957-ல் லோட்டஸ் செவன் வந்தது. கதவு கிடையாது. கூரை என்ற பெயரில் ஒரு துணி. எடையோ சுமார் 500 கிலோ. நம் மாருதி 800-ஐ விடவும் லேசு! எடை குறைந்தால் சின்ன இன்ஜினே போதும். பிரேக் சட்டென்று பிடிக்கும், வளைவில் வண்டி சொன்ன பேச்சைக் கேட்கும். சாப்மனின் தாரக மந்திரமே அதுதான்.

அப்போது பிரிட்டனில் முழுதாக வாங்கும் புது காருக்குக் கொள்முதல் வரி கடுமையாக இருந்தது. உதிரிபாகங்களாக வாங்கி நீங்களே பூட்டிக்கொண்டால் அந்த வரி இல்லை. நடுத்தர வர்க்கத்து இளைஞர்கள் விடுவார்களா?

இதையொட்டி கார் பிரியர்கள் இன்றும் சிரித்துக்கொண்டே சொல்லும் கதை ஒன்று உண்டு. பெட்டியோடு 'எப்படிப் பூட்டுவது' என்ற கையேட்டைக் கொடுத்தால் வரி வந்துவிடுமாம். அதனால் 'எப்படிக் கழற்றுவது' என்று கையேடு கொடுத்தார்களாம். வாங்கியவர் அதைக் கடைசிப் பக்கத்திலிருந்து படித்தால் போதும், கார் தயார்!

1973-ல் கொள்முதல் வரி போய் வாட் வரி வந்தது. கிட்டுக்கு இருந்த சலுகையும் போனது. செவனைத் தயாரிக்கும் உரிமையை லோட்டஸ் அதே வருடம் கேட்டர்ஹாம் நிறுவனத்துக்குக் கொடுத்துவிட்டது. வரி லாபம் போனதோடு இந்த ஆசையும் போயிருக்க வேண்டும் அல்லவா? போகவில்லை. கேட்டர்ஹாம் இன்றுவரை செவனைக் கிட்டாகவும் விற்கிறது. பணம் மிச்சமாகும் என்பது ஒரு சாக்குதான். தன் கையால் ஒரு காரைக் கட்ட வேண்டும் என்ற ஆசைதான் நிஜம்.

250 பவுண்டு புத்தகம்

கேட்டர்ஹாம் கிட்டும் எல்லோருக்கும் கட்டுப்படியாகாது. 1996-ல் ரான் சாம்பியன் என்பவர் ஒரு புத்தகம் எழுதினார். 250 பவுண்டில் உங்கள் ஸ்போர்ட்ஸ் காரை நீங்களே கட்டிக்கொள்ளலாம் என்று அட்டையிலேயே சொன்ன புத்தகம் அது.

அவர் சொன்ன வழி சுலபம். ஓய்ந்துபோன ஃபோர்டு எஸ்கார்ட் ஒன்றை வாங்குங்கள். இன்ஜின், கியர்பாக்ஸ், பின் ஆக்ஸில், ஸ்டீயரிங் எல்லாவற்றையும் கழற்றுங்கள். மிச்சம் காயலான் கடைக்கு. ஒரு அங்குலச் சதுர இரும்புக் குழாய்களை வெட்டி, வெல்டிங் வைத்து, செவன் மாதிரியான கூட்டைச் செய்யுங்கள். கழற்றியதை அதில் பூட்டுங்கள். இந்த வகைக் கார்களுக்கு 'லோகாஸ்ட்' என்று பெயர் வந்தது. அவற்றுக்கென்றே தனிப் பந்தயத் தொடரும் நடக்கிறது.

வேடிக்கை என்னவென்றால், அன்று கேட்பாரற்றுக் கிடந்த பழைய எஸ்கார்ட்டை இன்று சேகரிப்பவர்கள் கொத்திக்கொண்டு போகிறார்கள். விலை எங்கோ போய்விட்டது. அதனால் பின்னாளில் கிறிஸ் கிப்ஸ் எழுதிய அடுத்த புத்தகம் ஃபோர்டு சியராவுக்கு மாறியது. இப்போது பலர் மாஸ்டா எம்எக்ஸ்-5 காரைத் தேடுகிறார்கள். பின்சக்கரம் இழுக்கும் பழைய கார் எது மலிவாகக் கிடைக்கிறதோ, அதுதான் தாய் வண்டி.

இரண்டு கை போதாது

சமமான ஒரு பெரிய பலகை. அதன்மேல் கூட்டின் வரைபடத்தை நிஜ அளவிலேயே வரைகிறார்கள். கோட்டின்மேல் குழாய்களை வைத்து, முனைகளில் சின்னப் புள்ளியாக மட்டும் வெல்டிங். எல்லாம் நேராக இருக்கிறதா என்று மூலைக்கு மூலை அளந்த பிறகுதான் முழு வெல்டிங். அவசரப்பட்டு ஒரே பக்கமாக வெல்டிங் வைத்துக்கொண்டே போனால், சூட்டில் இரும்பு இழுத்துக்கொள்ளும். கூடு கோணினால் கார் காலம் முழுக்க ஒரு பக்கமாகவே இழுக்கும்.

இதுவரை ஒருவரே சமாளிக்கலாம். அதன் பிறகு முடியாது. இன்ஜினையும் கியர்பாக்ஸையும் சேர்த்துத் தூக்கி அந்தக் குறுகிய கூட்டுக்குள் சாய்வாக இறக்க வேண்டும். ஒருவர் தூக்கியை மெல்ல இறக்க, ஒருவர் பின்னாலிருந்து கியர்பாக்ஸைத் திருப்ப, இன்னொருவர் எங்கே இடிக்கிறது என்று டார்ச் அடித்துப் பார்க்க வேண்டும்.

பிரேக் குழாயிலிருந்து காற்றை வெளியேற்றவும் இரண்டு பேர் தேவை. ஒருவர் பெடலை மிதித்துப் பிடிக்க, மற்றவர் சக்கரத்தருகே திருகைத் திறப்பார். ஆயிலோடு காற்றுக் குமிழிகள் வெளியே வரும். திருகை மூடிய பிறகுதான் பெடலை விட வேண்டும். ஒரு நொடி முந்தினாலும் காற்று மறுபடி உள்ளே போய்விடும். நண்பர் வராத நாளில் மனைவியோ மகளோ மாட்டிக்கொள்வார்கள். 'மிதி', 'பிடி', 'விடு' என்று ஒரு சாயங்காலமே ஓடிவிடும்.

கம்பெனிக் கிட் என்றால் சில வாரங்களில் முடித்துவிடலாம். குழாய் வெட்டுவதில் தொடங்கினால் வருடங்கள் ஆகும். நடுவே வேலை மாறும், குழந்தை பிறக்கும், காசு தீரும். பாதியில் நின்றுபோன கார்கள் தார்ப்பாய்க்குள் தூங்குவதும், விளம்பரம் கொடுத்து விற்கப்படுவதும் சகஜம். நிற்காமல் முடிப்பவர்களில் பலருக்குப் பின்னால் ஒரு நண்பர் கூட்டம் இருக்கும். 1939-ல் தொடங்கிய 750 மோட்டார் கிளப் இப்படிப்பட்டவர்களின் தாய்வீடு. சாப்மனும் அதில் உறுப்பினராக இருந்தவர்தான். ஒருவரிடம் வெல்டிங் மெஷின், இன்னொருவருக்கு வயரிங் அத்துப்படி, மூன்றாமவரிடம் காலி கராஜ். இன்று உன் கார், அடுத்த வருடம் என் கார் என்று கைமாற்றாகவே வேலை நடக்கும்.

ஒரு கோடு, ஒரு உயிர்

நட்புக்காக மட்டும் இந்தக் கூட்டம் கூடுவதில்லை. ஸ்டீயரிங்கில் ஒரே ஒரு நட்டு சரியாக முறுக்கப்படாமல் இருந்தால் என்ன ஆகும்? கம்பெனியில் செய்த கார் என்றால் அதைச் சரிபார்க்கப் பல பேர் இருக்கிறார்கள். வீட்டில் கட்டிய காருக்கு யார் இருக்கிறார்கள்?

அதனால் அனுபவசாலிகள் ஒரு பழக்கத்தைக் கைவிடுவதில்லை. குறித்த அளவுக்கு டார்க் ரெஞ்சால் இறுக்கியதும், நட்டின் மேலும் பக்கத்து இரும்பின் மேலும் சேர்த்து பெயின்ட்டால் ஒரு கோடு இழுப்பார்கள். நட்டு நகர்ந்தால் கோடு உடைந்து காட்டிக்கொடுக்கும். கோடு இல்லாத நட்டு, இறுக்காத நட்டு. இறுக்கியவரே சரிபார்த்தால் கண் ஏமாற்றும் என்பதால், இன்னொருவரைப் பார்க்கச் சொல்வார்கள். 'எல்லாம் சரியா இருக்கு' என்று தட்டிக்கொடுக்கும் நண்பரை விட, 'இந்த நட்டுல கோடு எங்கே?' என்று கேட்கும் நண்பர்தான் இங்கே பெரிய சொத்து.

அதற்குப் பிறகு அரசாங்கத்தின் முறை. 1998-ல் வந்த தனி வாகனச் சோதனை, 2009-ல் இன்னும் கடுமையாகி ஐ.வி.ஏ. என்று பெயர் மாறியது. பிரேக், ஸ்டீயரிங், விளக்கு, புகை, சத்தம், சீட் பெல்ட் பொருத்திய இடம் என ஒவ்வொன்றாகப் பார்ப்பார்கள். 100 மி.மீ. விட்டமுள்ள ஒரு உருண்டையைக் காரின் வெளிப்புறத்தில் உருட்டிப் பார்ப்பார்கள். அது தொடும் இடத்தில் கூரான விளிம்பு இருக்கக் கூடாது. காரணம் எளிது. சாலையில் நடப்பவர்மேல் கார் உரசினால் அவருடைய தோல் கிழியக் கூடாது. கட்டியவர் விரும்பி எடுத்த ஆபத்து, தெருவில் போகிறவர் தலையில் விழக் கூடாது அல்லவா? முதல் தடவையில் தேறாமல் திரும்பிப் போய், சரிசெய்துகொண்டு மறுபடி வருகிறவர்களும் உண்டு. தேறினால்தான் நம்பர் பிளேட்.

கட்டி முடித்தாலும் முடியாது!

நம்பர் பிளேட் வந்ததும் வேலை ஓய்ந்துவிடுமா? அங்கேதான் அடுத்த அத்தியாயம். முதல் சில மைல்கள் ஓடியதும் எல்லா நட்டையும் மறுபடி பார்ப்பார்கள். பிறகு ஆசை எட்டிப் பார்க்கும். சிலர் மோட்டார் சைக்கிள் இன்ஜினையே பூட்டுவார்கள். லேசான வண்டிக்கு அதுவே அசுர பலம்.

இங்கே அனுபவம் சொல்லும் பாடம் ஒன்று: ஒரு நேரத்தில் ஒரே ஒரு மாற்றம். டயர், ஸ்பிரிங், பிரேக் மூன்றையும் ஒரே நாளில் மாற்றினால், வண்டி கெட்டது எதனால் என்று கண்டுபிடிக்க முடியாது. இன்ஜின் பலத்தைக் கூட்டுவதற்கு முன் பிரேக்கைக் கவனி என்பது இன்னொன்று.

பலம் கூடித்தான் ஆக வேண்டும் என்பதும் இல்லை. 2021-ல் வந்த கேட்டர்ஹாம் செவன் 170-ல் இருப்பது சுசுகியின் 660 சி.சி. இன்ஜின். பலம் 84 குதிரைசக்திதான். ஆனால் காரின் எடை வெறும் 440 கிலோ!

நம்ம ஊர்ல முடியுமா?

சாலையில் ஓட்டுவது என்றால் எளிதல்ல. பதிவு பெற்ற வண்டியில், உற்பத்தியாளரின் அசல் விவரங்களுக்கு முரணாகும்படி மாற்றம் செய்ய மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-வது பிரிவு தடை போடுகிறது. 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றமும் இதை உறுதிசெய்தது. சைலன்சரை மாற்றித் தெருவை அலற விடுவதற்கும் இந்தக் கலைக்கும் சம்பந்தமே இல்லை.

ஆனால் பந்தயத் தடத்தில் நமக்கும் ஒரு சாப்மன் இருந்தார். கோவையைச் சேர்ந்த எஸ்.கரிவரதன். மாருதி 800-ன் இன்ஜினை வைத்து, குறைந்த செலவில் ஒற்றை இருக்கைப் பந்தயக் கார்களைக் கட்டினார். பழைய காரின் பாகம், சொந்தக் கூடு என்ற அதே சூத்திரம். ஃபார்முலா மாருதி என்ற அந்தப் பந்தயத்தில் தொடங்கியவர்தான், இந்தியாவின் முதல் ஃபார்முலா ஒன் வீரரான நரேன் கார்த்திகேயன். 1995-ல் நடந்த சிறு விமான விபத்தில் கரி இறந்துபோனார். கோவை அருகே செட்டிபாளையத்தில் இருக்கும் கரி மோட்டார் ஸ்பீட்வே அவர் பெயரைத் தாங்கி நிற்கிறது.

அதே தடத்தில் ஃபார்முலா பாரத் போட்டிக்காகக் கல்லூரி மாணவர்கள் தாங்களே கட்டிய கார்களோடு வந்து இறங்குகிறார்கள். ஓட விடுவதற்கு முன் கடும் சோதனை உண்டு. வண்டியைச் சாய்த்துப் பிடித்து ஆயில் ஒழுகுகிறதா என்று பார்ப்பார்கள். பிரேக் பிடித்தால் நாலு சக்கரமும் ஒன்றாக நிற்க வேண்டும். இதில் தேறாத கார், எவ்வளவு அழகாக இருந்தாலும் தடத்துக்குள் இறங்க முடியாது. அப்போது பக்கத்து அணியிலிருந்து ஸ்பேனரோடு ஓடி வந்து உதவுகிறவர்களும் உண்டு.

உங்கள் வீட்டில் பொம்மைக் காரைப் பிரித்துப் போட்டுவிட்டுத் திட்டு வாங்கும் வாண்டு இருக்கிறதா? அடுத்த தடவை திட்டுவதற்கு முன், ஒரு ஸ்க்ரூ டிரைவரைக் கையில் கொடுத்து, மறுபடி பூட்டச் சொல்லிப் பாருங்கள். பக்கத்தில் உட்கார்ந்து, ஸ்க்ரூ எதுவும் மிச்சம் இருக்கிறதா என்று எண்ணிப் பார்ப்பது உங்கள் வேலை!