தொழில்நுட்பத் தேடுபொறி உகப்பாக்கம்

தொழில்நுட்பத் தேடுபொறி உகப்பாக்கம் என்பது, ஓர் இணையத்தளத்தின் பக்கங்களைத் தேடுபொறிகள் தடையின்றி அடைவதற்கும், படிப்பதற்கும், சரியான முகவரியில் தம் அட்டவணையில் சேர்த்துக்கொள்வதற்கும் ஏற்றவாறு அத்தளத்தின் கட்டமைப்பைச் சீர்செய்யும் பணி ஆகும். உள்ளடக்கத்தின் தரம், பிற தளங்களிலிருந்து கிடைக்கும் இணைப்புகள் ஆகியவை இதில் அடங்குவதில்லை. வழங்கி, முகவரி, வார்ப்புரு, நிரல் ஆகியவையே இதன் பரப்பு. இணையக் கடைகள் தம் பொருட்பட்டியலுடன் சேர்த்து நடத்தும் வலைப்பதிவுகளுக்கு இப்பணி எவ்வாறு பொருந்துகின்றது என்பதை இக்கட்டுரை முதன்மையாக விளக்குகின்றது.

கடை வலைப்பதிவின் தனித்தன்மை

சமையற்கலன் விற்கும் ஓர் இணையக் கடையை எடுத்துக்கொள்ளலாம். "வார்ப்பிரும்புச் சட்டியில் துரு ஏறினால் என்ன செய்வது" என்று தேடுபவர் அப்போது எதையும் வாங்க எண்ணியிருக்கமாட்டார். அவருக்கு வேண்டியது விளக்கம். அவ்விளக்கத்தைக் கடையின் வலைப்பதிவு தந்தால் அக்கடை அவருக்கு அறிமுகமாகின்றது. விளம்பரத்திற்குப் பணம் செலவிட இயலாத சிறு கடைகளுக்கு இதுவே புதிய வாடிக்கையாளரை அடையும் முதன்மை வழியாக அமைவதுண்டு.

ஆனால் கடை மென்பொருட்கள் விற்பனைக்காக வடிவமைக்கப்பட்டவை. வலைப்பதிவு அவற்றில் ஒரு துணைப்பகுதி மட்டுமே. வடிகட்டி, கூடை, உள்தேடல், குறிச்சொல் ஆகியவற்றால் இம்மென்பொருட்கள் ஆயிரக்கணக்கான முகவரிகளைத் தாமே உருவாக்குகின்றன. அவற்றுக்கிடையே சில பத்துக் கட்டுரைகள் மட்டும் கொண்ட வலைப்பதிவு எளிதில் மறைந்துவிடும். கட்டுரை நன்றாக எழுதப்பட்டிருந்தும் எவரும் வராமைக்கு ஒரேயொரு தவறான அமைப்பு காரணமாக இருக்கலாம்.

தேடுபொறி ஒரு பக்கத்தைச் சேர்க்கும் முறை

கூகுள், பிங் முதலிய தேடுபொறிகள் பின்வரும் படிகளில் இயங்குகின்றன.

1. தவழ்தல்: கூகுள்பாட், பிங்பாட் போன்ற தானியங்கி நிரல்கள் இணைப்புகளைப் பின்தொடர்ந்து பக்கங்களைப் பெறுகின்றன. இந்நிரல்கள் தவழிகள் எனப்படும்.
2. உருவாக்கல்: பக்கத்தில் உள்ள ஜாவாஸ்கிரிப்ட் நிரல், ஓர் உலாவியில் இயக்கப்படுவது போன்றே இயக்கப்பட்டு, இறுதி உள்ளடக்கம் பெறப்படுகின்றது.
3. அட்டவணைப்படுத்தல்: உள்ளடக்கம் ஆராயப்படுகின்றது. ஒரே உள்ளடக்கம் பல முகவரிகளில் இருப்பின் அவற்றுள் ஒன்று முதன்மை முகவரியாகத் தேர்ந்தெடுக்கப்படுகின்றது.
4. வரிசைப்படுத்தல்: பயனர் தேடும்போது அட்டவணையிலிருந்து பொருத்தமான பக்கங்கள் வரிசையிட்டுக் காட்டப்படுகின்றன.

தொழில்நுட்ப உகப்பாக்கம் முதல் மூன்று படிகளையே பெரும்பாலும் சார்ந்தது. இவற்றுள் எங்கேனும் தடை ஏற்படின், நான்காம் படிக்கு அப்பக்கம் வந்துசேராது.

வரலாறு

தவழிகளைக் கட்டுப்படுத்தும் ரோபாட்ஸ் விலக்கு நெறிமுறையை 1994 ஆம் ஆண்டில் மார்ட்டின் கோஸ்டர் முன்மொழிந்தார். நீண்டகாலம் வழக்கில் மட்டுமே இருந்த இது, 2022 செப்டம்பரில் ஆர்.எஃப்.சி 9309 என்னும் ஆவணமாக வெளியிடப்பட்டது. 2005 ஆம் ஆண்டில் கூகுள் தளவரைபட முறையை அறிமுகப்படுத்தியது. 2006 நவம்பரில் யாகூவும் மைக்ரோசாப்டும் அதனை ஏற்றுக்கொண்டன. 2009 பிப்ரவரியில் இம்மூன்று நிறுவனங்களும் முதன்மை முகவரியைக் குறிக்கும் கனோனிக்கல் இணைப்புக் குறியீட்டை அறிவித்தன. 2011 இல் ஸ்கீமா.ஆர்க் என்னும் பொதுச் சொற்தொகுதி தொடங்கப்பட்டது. 2014 ஆகத்தில் மறையாக்கப்பட்ட இணைப்பு நெறிமுறையான எச்.டி.டி.பி.எஸ் வரிசைப்படுத்தலில் ஒரு காரணியாகக் கொள்ளப்படும் எனக் கூகுள் தெரிவித்தது. பக்கத்தின் கைப்பேசிப் பதிப்பையே அட்டவணைக்கு எடுத்துக்கொள்ளும் முறையைக் கூகுள் 2016 நவம்பரில் அறிவித்துப் படிப்படியாக நடைமுறைப்படுத்தியது.

முகவரிப் பெருக்கம்

கடைத் தளங்களில் மிகுதியாகக் காணப்படும் சிக்கல் இதுவே. ஒரு பொருள்வகைப் பக்கத்தில் 5 நிறங்கள், 4 அளவுகள், 3 வரிசைமுறைகள் உள்ளன எனக் கொள்வோம். ஒவ்வொரு வடிகட்டியிலும் ஒன்றைத் தேர்ந்தெடுக்கலாம் அல்லது தேர்ந்தெடுக்காமல் விடலாம் எனின் 6 × 5 × 4 = 120 முகவரிகள் உருவாகும். இவற்றுள் பெரும்பாலானவற்றின் உள்ளடக்கம் ஏறத்தாழ ஒன்றே.

வலைப்பதிவிலும் இதே நிலை ஏற்படுகின்றது. 30 கட்டுரைகளுக்கு 80 குறிச்சொற்கள் இடப்பட்டால், ஓரிரு கட்டுரைகளின் தலைப்பு மட்டும் கொண்ட 80 பக்கங்கள் தோன்றும். மாதவாரித் தொகுப்பு, எழுத்தாளர் தொகுப்பு, மின்னஞ்சல் மடல்களிலிருந்து வருவோரைக் கணக்கிடச் சேர்க்கப்படும் அளபுருக்கள் ஆகியவை இவ்வெண்ணிக்கையை மேலும் கூட்டும்.

இதற்கான தீர்வுகள்:

* ஒரே உள்ளடக்கம் கொண்ட முகவரிகள் யாவும் கனோனிக்கல் குறியீட்டின் வாயிலாக ஒரே முதன்மை முகவரியைச் சுட்டவேண்டும். இக்குறியீடு தேடுபொறிக்கு ஒரு பரிந்துரையே, கட்டளையன்று. உள் இணைப்புகளும் தளவரைபடமும் வேறு முகவரியைச் சுட்டினால் பரிந்துரை புறக்கணிக்கப்படலாம்.
* கட்டுரைப் பட்டியலின் இரண்டாம் பக்கம் முதற்பக்கத்தைக் கனோனிக்கலாகச் சுட்டக்கூடாது. அவ்வாறு சுட்டினால் பழைய கட்டுரைகளுக்கான வழி அடைபட்டுவிடக்கூடும். ஒவ்வொரு பக்கமும் தன்னையே சுட்டவேண்டும்.
* பயனற்ற குறிச்சொற்களை உருவாக்காமல் இருப்பது, உருவாக்கிய பின் மறைப்பதைவிடச் சிறந்தது.

எடுத்துக்காட்டாக, ஷாப்பிஃபை மென்பொருளில் ஒரே பொருளைத் தனி முகவரியிலும், அது இடம்பெறும் தொகுப்பின் முகவரியிலும் காணலாம். இயல்பான வார்ப்புருக்கள் இரண்டாவதிலிருந்து முதலாவதைக் கனோனிக்கலாகச் சுட்டுகின்றன. எனினும் வலைப்பதிவுக் கட்டுரைகளில் இணைப்புக் கொடுப்போர் தொகுப்பு முகவரியைப் படியெடுத்து ஒட்டிவிடுவதால் முரண்பட்ட குறிப்புகள் சென்றுசேர்கின்றன. பொருளின் தனி முகவரிக்கே இணைப்புக் கொடுப்பது நன்று.

தடுத்தலும் நீக்குதலும்

தவழ்வதைத் தடுத்தல், அட்டவணையிலிருந்து நீக்குதல் ஆகிய இரண்டும் வெவ்வேறானவை. ரோபாட்ஸ் கோப்பு தவழ்வதை மட்டுமே தடுக்கின்றது. தடுக்கப்பட்ட பக்கத்திற்குப் பிற தளங்களிலிருந்து இணைப்பு இருப்பின், அப்பக்கத்தைப் படிக்காமலேயே அதன் முகவரியைத் தேடுபொறி காட்டக்கூடும். அட்டவணையிலிருந்து நீக்குவதற்கு நோஇன்டெக்ஸ் என்னும் குறியீட்டைப் பக்கத்தில் இடவேண்டும்.

ஒரு பக்கத்திற்கு இவ்விரண்டையும் ஒருசேரச் செய்வது பரவலான பிழையாகும். ரோபாட்ஸ் கோப்பு தடுத்துவிடுவதால் தவழி பக்கத்திற்குள் நுழைவதில்லை. நுழையாததால் உள்ளே உள்ள நோஇன்டெக்ஸ் குறியீட்டை அறிவதுமில்லை. ரோபாட்ஸ் கோப்பினுள் நோஇன்டெக்ஸ் என எழுதும் வழக்கத்தை 2019 செப்டம்பர் 1 முதல் கூகுள் ஏற்பதில்லை.

இதனினும் கடுமையானது சோதனைத் தளத்தின் தடை நீக்கப்படாமல் விடுபடுவது. வேர்ட்பிரசில் தேடுபொறிகளைத் தவிர்க்கக் கோரும் தெரிவுப்பெட்டி ஒன்று உள்ளது. தளம் உருவாக்கப்படும்போது இடப்பட்ட குறி, திறப்புவிழாவிற்குப் பின்னும் நீடித்தால் முழுத்தளமும் மெல்ல அட்டவணையிலிருந்து மறையும். வாடிக்கையாளரின் உலாவியில் அனைத்தும் சரியாகவே தோன்றுமாதலால், விற்பனை குறைந்த பின்னரே இது தெரியவரும்.

உள் இணைப்புகள்

தவழிகள் பொத்தான்களை அழுத்துவதில்லை. "மேலும் காட்டு" என்னும் பொத்தானை அழுத்திய பின்னரே பழைய கட்டுரைகள் தோன்றும் எனின், அவற்றுக்கு வேறு இணைப்பும் இல்லையெனின், அவை தவழிக்கு எட்டா. முகவரி குறிப்பிடப்பட்ட இயல்பான இணைப்புக் குறியீடுகளையே நம்பலாம்.

தளவரைபடம் இக்குறையை ஓரளவு ஈடுசெய்யும். ஒரு கோப்பில் 50,000 முகவரிகள் வரை இடம்பெறலாம்; சுருக்கப்படாத அளவு 50 மெகாபைட்டை மிஞ்சக்கூடாது. முதன்மை முகவரிகள் மட்டுமே அதில் இருக்கவேண்டும். ஆயினும் தளவரைபடம் உள் இணைப்புக்கு மாற்றாகாது. எந்தப் பக்கமும் சுட்டாத ஒரு கட்டுரையைத் தளத்தின் உரிமையாளரே முதன்மையாகக் கருதவில்லை என்றே தேடுபொறி கொள்ளும்.

நீக்கப்பட்ட பொருட்கள்

வலைப்பதிவுக் கட்டுரைகள் பல ஆண்டுகள் நிலைக்கும். பொருட்களோ பருவந்தோறும் மாறும். எனவே கட்டுரையில் உள்ள இணைப்புகள் காலப்போக்கில் முறிகின்றன. சூழலுக்கேற்ப வழங்கி தரவேண்டிய விடைகள் பின்வருமாறு:

* பொருள் தற்காலிகமாக இல்லை: பக்கத்தை அப்படியே வைத்து, இருப்பு இல்லை எனக் குறிப்பிடவேண்டும்.
* நெருங்கிய மாற்றுப் பொருள் உள்ளது: 301 என்னும் நிலையான வழிமாற்று.
* மாற்று எதுவும் இல்லை: 404 அல்லது 410.

நீக்கப்பட்ட எல்லாவற்றையும் முகப்புப் பக்கத்திற்கு வழிமாற்றும் பழக்கம் பயனற்றது. கூகுள் இத்தகைய வழிமாற்றை 404 ஆகவே கருதக்கூடும். வந்த வாசகரும் தாம் தேடியதைக் காணாமல் திரும்புவார்.

பக்க வேகம்

கூகுள் 2020 மே மாதத்தில் அறிவித்த முதன்மை வலை அளவீடுகள், உண்மைப் பயனர்களின் உலாவிகளிலிருந்து பெறப்படுகின்றன. வருகைகளில் 75 விழுக்காட்டிலேனும் கீழ்க்காணும் அளவுகள் எட்டப்படின் பக்கம் நல்ல நிலையில் உள்ளதாகக் கொள்ளப்படும்.

* திரையில் மிகப்பெரிய கூறு தோன்றும் நேரம்: 2.5 நொடிக்குள்
* பயனரின் செயலுக்கு மறுவினை: 200 மில்லிநொடிக்குள். இவ்வளவீடு 2024 மார்ச்சில் பழைய அளவீட்டிற்கு மாற்றாக வந்தது.
* தளக்கோலப் பெயர்ச்சி: 0.1 க்குள்

கடை வலைப்பதிவுகளில் வேகக்குறைவிற்குப் பெரும்பாலும் படங்களும் வெளிநிரல்களுமே காரணம். அரட்டைப் பெட்டி, மதிப்புரைப் பட்டை, தள்ளுபடி அறிவிப்பு முதலியவை விற்பனைப் பக்கங்களுக்காகச் சேர்க்கப்பட்டு, தேவையின்றிக் கட்டுரைப் பக்கங்களிலும் இயங்குகின்றன. படங்களுக்கு அகலமும் உயரமும் குறிக்கப்படாவிடின், படம் வந்தவுடன் எழுத்துக்கள் கீழே நகரும். பக்கத்தின் தலைப்படத்திற்குத் தாமத ஏற்றம் அமைத்தால் முதல் அளவீடு பாதிக்கப்படும்.

தமிழ் முகவரிகள்

தமிழில் கட்டுரை வெளியிடும் கடைகள் இரண்டு செய்திகளைக் கருத்தில்கொள்ளவேண்டும். யுடிஎஃப்-8 குறியேற்றத்தில் ஒவ்வொரு தமிழ்க் குறியும் 3 பைட்டுகளைக் கொள்ளும். முகவரியில் அது சதவீதக் குறியீடாக மாறி 9 வரியுருக்களாகும். "சட்டி" என்னும் சொல்லில் 5 குறிகள் உள்ளமையால் அது 45 வரியுருக்கள் நீளும். தேடுபொறிகள் இதனை ஏற்கும் எனினும், படியெடுத்துப் பகிரும்போது நீண்ட முகவரிகள் வெட்டுப்பட வாய்ப்புண்டு. ஆகவே முகவரியில் குறுகிய சொற்களே ஏற்றவை.

இரண்டாவது, ஒகர உயிர்மெய்யின் குறியை ஒருங்குறியில் ஒரே குறியாகவும், ஒற்றைக்கொம்பு, கால் என இரு குறிகளாகவும் எழுத இயலும். திரையில் வேறுபாடு தெரியாது. ஆனால் முகவரியாக மாறும்போது இவை இரண்டும் வெவ்வேறு முகவரிகள். ஒன்றுக்கு இடப்பட்ட இணைப்பு மற்றொன்றில் 404 பிழையைத் தரக்கூடும். முகவரிகளைச் சேமிக்குமுன் ஒரே வடிவிற்கு இயல்பாக்கம் செய்வதால் இதனைத் தவிர்க்கலாம்.

மென்பொருள் மாற்றம்

ஒரு கடை தன் மென்பொருளை மாற்றும்போது இழப்பு மிகுதியாக நேர்கின்றது. ஷாப்பிஃபையில் கட்டுரைகள் ப்ளாக்ஸ் என்னும் அடைவின் கீழ் அமையும்; வேர்ட்பிரசில் முகவரி அமைப்பைத் தள உரிமையாளர் தேர்ந்தெடுக்கலாம். ஆகவே ஒன்றிலிருந்து மற்றொன்றிற்கு மாறும்போது கட்டுரை முகவரிகள் பொதுவாக மாறிவிடுகின்றன. பொருட்களுக்கு வழிமாற்றுப் பட்டியல் அணியம் செய்வோர் வலைப்பதிவை மறந்துவிடுவதுண்டு. அவ்வாறு விடின் ஆண்டுக்கணக்கில் சேர்ந்த வெளியிணைப்புகளின் பயன் ஒரே நாளில் அறுபடும்.

ஒவ்வொரு பழைய முகவரிக்கும் அதற்கு நிகரான புதிய முகவரிக்கு 301 வழிமாற்று இடவேண்டும். வழிமாற்றுகள் சங்கிலியாக நீளாமல் ஒரே தாவலில் முடியவேண்டும். அவற்றைக் குறைந்தது ஓராண்டேனும் வைத்திருக்குமாறு கூகுள் அறிவுறுத்துகின்றது. வாசகர்களின் நலன் கருதி நிலையாகவே வைத்திருத்தல் சிறப்பு.

சரிபார்த்தல்

கூகுள் தேடல் முனையம், பிங் வலைநடத்துநர் கருவி ஆகியவை கட்டணமின்றிக் கிடைக்கின்றன. ஒரு முகவரி அட்டவணையில் உள்ளதா, எந்த முகவரி முதன்மையாகக் கொள்ளப்பட்டுள்ளது, தவழி இறுதியாக எப்போது வந்தது என்பனவற்றை இவற்றில் அறியலாம். வழங்கியின் பதிவேடு மேலும் நம்பத்தக்கது; தவழிகள் வடிகட்டி முகவரிகளில் நேரத்தைச் செலவிடுகின்றனவா, கட்டுரைகளை அடைகின்றனவா என்பதை அது நேரடியாகக் காட்டும்.

வரம்புகள்

தொழில்நுட்ப உகப்பாக்கம் தேடல் வரிசையில் முதலிடத்தைப் பெற்றுத் தருவதில்லை. அது தடைகளை அகற்றுகின்றது, அவ்வளவே. சில ஆயிரம் பக்கங்களுக்குக் குறைவான தளங்கள் தவழ்தல் அளவைப் பற்றிப் பொதுவாகக் கவலைகொள்ளத் தேவையில்லை. பயனற்ற கட்டுரைகளைப் பெருந்தொகையாக உருவாக்கி வரிசையில் முந்த முயல்வதை 2024 மார்ச்சில் கூகுள் தன் எரிதக் கொள்கையில் வெளிப்படையாகச் சேர்த்தது. அத்தகைய பக்கங்களை எவ்வளவு சீராகக் கட்டமைத்தாலும் பயனில்லை. மறுபுறம், சட்டியின் துருவை நீக்கும் முறையை அனுபவத்தோடு விளக்கும் ஒரு கட்டுரை, நீக்க மறந்த ஒரு குறியீட்டினால் எவருக்கும் கிட்டாமல் போகலாம். இவ்விழப்பைத் தடுப்பதே இத்துறையின் பயன் ஆகும்.

இவற்றையும் பார்க்க

* தேடுபொறி
* வலைத் தவழி
* வலைப்பதிவு
* இணைய வணிகம்
* ஒருங்குறி