பால் காய்ப்புக்கு முன்னால்

சுவர் எழும்பி, மேல்தளம் போட்டு, நிலையும் கதவும் ஏறிய பிறகுதான் வீடு கட்டுகிறவருக்கு உண்மையான சோதனை தொடங்குகிறது. அதுவரை பொறியாளரும் கொத்தனாரும் சொன்னபடி பணத்தை எண்ணிக் கொடுத்து வந்தவர், இப்போது பாளையங்கோட்டைக் கடைவீதியிலே நூறு வகைத் தரை ஓடுகளுக்கு முன்னே நின்று, இது வேண்டும், அது வேண்டாம் என்று தாமே தீர்மானிக்க வேண்டியவராகிறார். கையிருப்பு மெலிந்திருக்கும், பால் காய்ப்புக்கு நாள் குறித்தாகியிருக்கும், வந்து போன உறவினர் ஆளுக்கொரு யோசனை சொல்லியிருப்பார்கள். அந்த அவசரத்திலே பளபளப்பாகத் தெரிவதற்கே கை நீளுகிறது. பதினைந்து ஆண்டுகளுக்கு முன் எங்கள் வீட்டிலும் அப்படித்தான் நேர்ந்தது.

முகம் பார்க்கக் கூடிய வழுவழுப்பான ஓட்டை வாசல் முதல் அடுக்களை வரை பதித்துவிட்டுப் பெருமையோடு ஆச்சியை அழைத்து வந்தோம். அவள் தார்சாவின் ஓரத்தில் நின்று, வலது கால் பெருவிரலால் தரையை மெல்லத் தொட்டுப் பார்த்து, "ஏய்யா, இது தரையா, தண்ணி கெடக்கா?" என்று கேட்டாள். கல்லிடைக்குறிச்சியில், எண்பது வருஷமாகக் காவிச் சிமெண்டுத் தரையிலே நடந்து பழகிய பாதம் அது. அன்று முதல் அவள் எங்கள் வீட்டிலே சுவரைப் பிடித்துக்கொண்டுதான் நடந்தாள்.

அந்த அநுபவம் எனக்குக் கற்பித்தது ஒன்றே: பின்னால் மாற்ற முடியாததற்கு முதலிலே செலவிட வேண்டும், மாற்றக் கூடியதைப் பொறுத்துச் செய்துகொள்ளலாம். விளக்கு, திரைச்சீலை, அலமாரிக் கதவு, சுவர் வர்ணம் ஆகியவை எந்த வருஷமும் மாறலாம். சுவருக்குள் புதையும் குழாயும் கம்பியும், தரையின் வாட்டமும், மேல்தளத்தின் காப்பும் ஒருமுறை அமைந்துவிட்டால் இடித்துத்தான் மாற்ற வேண்டும். ஆயினும் கண்ணுக்குத் தெரியாத இவற்றிலே சிக்கனம் பிடித்து, தெரிகிறவற்றிலே தாராளம் காட்டுவதே நம் வழக்கமாகியிருக்கிறது.

மேலிருந்து தொடங்குவோம். திருநெல்வேலிச் சீமையிலே சித்திரைப் பிறப்பை ஒட்டி ஒருமுறையும் ஆவணி நடுவிலே ஒருமுறையும் சூரியன் நேர் உச்சியில் நிற்கிறான். எனவே வீட்டின் உறுப்புகளில் அதிக வெயிலை வாங்குவது மொட்டை மாடியே. முன்னோர் செங்கல் ஜல்லியைச் சுண்ணாம்போடு கலந்து, கடுக்காய் நீரும் வெல்ல நீரும் தெளித்து, பெண்கள் வரிசையாக உட்கார்ந்து பலகையால் அடித்து அடித்து இறுக்கி, அதன்மேல் தட்டோடு பதித்தார்கள். அது மழைநீரை வடித்துவிட்டதோடு வெப்பத்தையும் தடுத்தது. இன்று அந்த உழைப்புக்கு ஆள் கிடைப்பது அரிது. எனினும் நீர்புகாப் பூச்சு கொடுத்து, வெயிலைத் திருப்பியனுப்பும் வெள்ளை ஓட்டைச் சரியான வாட்டத்தோடு பதித்தால் இரவிலே மின்விசிறி அனல் காற்றை இறைக்காது. வரவேற்பறையின் பொய்க்கூரைக்கு ஒதுக்கிய தொகையை இதற்குத் திருப்புவது புத்திசாலித்தனம்.

அடுத்தது தரை. இப்போது கடைகளில் மிகுதியாக விற்கும் விட்ரிஃபைடு ஓடு, தன் எடையிலே 0.5 சதவீதத்துக்கு மேல் நீரை உறிஞ்சாத கெட்டியான பொருள். கறை ஏறாது, பல காலம் உழைக்கும். அதைக் குறை சொல்வதற்கில்லை. குறையெல்லாம் அதன் மெருகிலேதான். மெருகிடாத, சற்றே சொரசொரப்பான வகையும் அதே கடையிலே இருக்கிறது. வயோதிகரும் குழந்தைகளும் புழங்கும் வீட்டுக்கு அதுவே உகந்தது. செலவிட மனமுள்ளவர்கள் காரைக்குடிப் பக்கத்து ஆத்தங்குடிக் கற்களை நாடலாம். கண்ணாடித் தகட்டின் மேல் வர்ணச் சிமெண்டை ஊற்றி, சூளையிலே சுடாமல், நீரிலே ஊறவைத்து, கையாலேயே செய்கிற இவை, கால் பட்டு நடக்க நடக்க மெருகேறும்.

குளியலறையிலே ஓடு பதிக்கும் முன் ஒரு காரியம் செய்யுங்கள். பள்ளத்தளத்திலே நீர்புகாப் பூச்சு முடிந்ததும், வடிகுழாயை அடைத்து, இரண்டு நாள் தண்ணீர் கட்டி நிறுத்தி, கீழ்ப்புறம் ஈரம் கசிகிறதா என்று பாருங்கள். ஓடு பதித்தபின் மூலையிலே ஒரு செம்புத் தண்ணீரை ஊற்றச் சொல்லி, அது எங்கும் தேங்காமல் வடிகுழி நோக்கி ஓடுகிறதா என்று கவனியுங்கள். நல்ல கொத்தனார் இதைக் கேட்டு முகம் சுளிக்கமாட்டார். தாமே செம்பை எடுத்து வருவார்.

மின்சார வேலையிலே மின்கசிவு நேர்ந்த கணத்தில் இணைப்பைத் துண்டிக்கும் 30 மில்லி ஆம்பியர் காப்புக் கருவியை எக்காரணத்தாலும் விட்டுவிடக் கூடாது. பிற்காலத்திலே குளிர்சாதனமோ கூரைச் சூரியத் தகடோ வைக்க எண்ணமிருந்தால், அதற்கான வெற்றுக் குழாயை இப்போதே சுவருக்குள் விட்டு வையுங்கள். சூரியத் தகட்டுக்கு 2024இல் தொடங்கிய மத்திய அரசின் திட்டத்திலே 3 கிலோவாட்டும் அதற்கு மேலும் அமைக்கும் வீட்டாருக்கு 78,000 ரூபாய் மானியம் என்று அறிவிக்கப்பட்டிருக்கிறது.

தாமிரபரணிக் கரையோரத்தில் வீடு கட்டுகிறவர்கள் 2023 டிசம்பர் 17, 18 தேதிகளை மறக்கலாகாது. அன்று காயல்பட்டினத்திலே ஒரே நாளில் ஏறத்தாழ 95 சென்டிமீட்டர் மழை கொட்டியது. நெல்லையிலே சிந்துபூந்துறை, வண்ணார்பேட்டைப் பகுதிகளிலே ஆற்று வெள்ளம் வீடுகளுக்குள் புகுந்தது. நீரிலே ஊறிய மட்டமான மரத்தூள் பலகை உப்பி உதிர்ந்துவிடும். கடப்பைக் கல்லால் கட்டிய தட்டுகளைக் கழுவித் துடைத்து மறுபடி பாத்திரம் அடுக்கலாம். தாழ்வான மனையிலே கீழ்த்தளத்து மின்பொத்தான்களை இடுப்புக்கு மேலே ஏற்றி வைப்பதும், அடுக்களைக் கீழறைகளுக்குக் கல்லையோ, ஐ.எஸ். 710 முத்திரையுள்ள ஒட்டுப்பலகையையோ தேர்வதும் வெள்ளம் தந்த பாடங்கள்.

வர்ணத்துக்கு அவசரம் வேண்டாம். பூச்சு வேலை முடிந்து நான்கு வாரமாவது சுவர் உலர்ந்தால்தான் உப்புப் பூத்து உரியாமல் இருக்கும். ஐப்பசி, கார்த்திகை அடைமழையிலே வெளிச்சுவரைத் தொடவே வேண்டாம். ஆனியிலும் ஆடியிலும் செங்கோட்டைக் கணவாய் வழியே பாய்ந்து வரும் காற்று கதவுகளை அறைந்து சாத்தும் ஊர் இது. அலங்காரக் கைப்பிடிக்கு முன்னே ஒவ்வொரு கதவுக்கும் ஜன்னலுக்கும் உறுதியான கொக்கி வாங்குங்கள்.

கட்டி விற்பவரிடம் அடுக்குமாடி வீடு வாங்குகிறவர்கள், "கூடுதல் தொகை கொடுத்தால் உயர்ந்த ரகம்" என்ற பட்டியலைக் கண்டு மயங்காமல், வழக்கமாகத் தருவது இன்ன பொருள், உயர்த்தித் தருவது இன்ன பொருள், வித்தியாசத் தொகை இவ்வளவு என்று எழுத்திலே பெற வேண்டும். 2016ஆம் ஆண்டின் ரியல் எஸ்டேட் சட்டப்படி, ஒப்புக்கொண்ட பொருத்துபொருள்களை வாங்குபவரின் சம்மதமின்றி மாற்றுவதற்கில்லை. வீட்டை ஒப்படைத்த ஐந்து ஆண்டுக்குள் கட்டுமானத்திலோ வேலைத்திறத்திலோ குறை தெரிவித்தால், முப்பது நாளுக்குள் கட்டணமின்றிச் சரிசெய்து தர வேண்டியது கட்டியவரின் கடமை.

ஆச்சி இப்போது இல்லை. தார்சாவிலிருந்து அடுக்களைக்குப் போகிற சுவரிலே, அவளுடைய தோள் உயரத்தில், உள்ளங்கை பட்டுப் பட்டு மங்கிய ஒரு நீளக் கோடு இருக்கிறது; இருமுறை வீட்டுக்கு வர்ணம் அடித்தும் அந்த இடத்தை மட்டும் விட்டுவிடச் சொன்னேன். நீங்கள் ஓடு வாங்கப் போகும்போது வீட்டின் மூத்தவரை உடன் அழைத்துச் செல்லுங்கள். மாதிரி ஓட்டைத் தரையிலே வைத்து, அதன்மேல் கொஞ்சம் தண்ணீர் தெளித்து, செருப்பைக் கழற்றிவிட்டு அவரை ஏறி நிற்கச் சொல்லுங்கள். அவர் உங்கள் தோளைப் பிடிக்காமல் நின்றால், அந்த ஓட்டுக்கு விலை பேசலாம்.