தண்டு வலித்துச் செய்த தருமம்

வானூர்தியில் ஏறி அமர்ந்தால் சில மணி நேரத்தில் கடந்துவிடக்கூடிய மாகடலை, நாற்பது ஐம்பது நாள் இரவு பகலாகத் தண்டு வலித்துக் கடப்போர் இன்றும் உளர். அவர்களுடைய படகில் பாய் இல்லை, இயந்திரமும் இல்லை. கைவலிமையும் காற்றும் நீரோட்டமுமே துணை. நோயுற்றோர்க்கும், அங்கம் இழந்தோர்க்கும், நல்ல குடிநீரின்றி வாடுவோர்க்கும் நிதி திரட்டுவதே அவர்களுள் பலருடைய நோக்கம். இதனைக் கேள்வியுறும் எவருக்கும் ஓர் ஐயம் எழுவது இயல்பே. "பிறருக்கு உதவ வேண்டுமாயின் பணத்தை நேரே கொடுத்துவிடலாமே! அதற்காக உயிரைப் பணயம் வைப்பானேன்?" நியாயமான கேள்விதான். விடை காணுமுன் இத்துறையின் வரலாற்றைச் சற்றே நோக்குவோம்.

புகழ் தேடிய காலம்

1896-ஆம் ஆண்டு ஜூன் 6 அன்று, ஜார்ஜ் ஹார்போ, ஃபிராங்க் சாமுவெல்சன் என்னும் இருவர் 18 அடி நீளமே உள்ள திறந்த படகொன்றில் நியூயார்க்கிலிருந்து புறப்பட்டனர். நார்வே நாட்டில் பிறந்து, அமெரிக்காவின் நியூ ஜெர்சிக் கரையில் சிப்பி எடுத்துப் பிழைத்த உழைப்பாளிகள் இவர்கள். நடுக்கடலில் படகு கவிழ்ந்தது. உணவில் பெரும்பகுதி அலையோடு போயிற்று. வழியில் எதிர்ப்பட்ட கப்பல் ஒன்று உணவும் நீரும் தந்து காத்தது. 55 நாளில் இங்கிலாந்தைச் சேர்ந்த சில்லித் தீவுகளை அடைந்தனர். அட்லாண்டிக் மாகடலைத் துடுப்பினால் கடந்த முதல்வர் என்ற பெயர் நிலைத்தது. எதிர்பார்த்த செல்வமோ வந்து சேரவில்லை.

எழுபது ஆண்டுகள் சென்றபின், 1966-இல், பிரிட்டிஷ் படைவீரர்களான ஜான் ரிட்ஜ்வேயும் சே பிளைத்தும் அமெரிக்காவின் கேப் காட் கரையிலிருந்து புறப்பட்டு, செப்டம்பர் 3 அன்று அயர்லாந்துக் கரை சேர்ந்தனர். அதே ஆண்டில் அதே கடலில் இறங்கிய டேவிட் ஜான்ஸ்டன், ஜான் ஹோர் என்னும் வேறிருவர் திரும்பவேயில்லை. கவிழ்ந்து மிதந்த அவர்களுடைய படகு மட்டும் அக்டோபரில் கண்டெடுக்கப்பட்டது. அதிலிருந்த நாட்குறிப்பின் இறுதி நாளும் அதே செப்டம்பர் 3! ஒரு படகில் வெற்றி முழக்கம். மற்றொன்றில் நிரந்தர மௌனம். கடல் விளையாட்டுத் திடலன்று என்பதை நாம் மறத்தலாகாது.

பின்னர் 1997-இல் இதே சே பிளைத், கானரித் தீவுகளிலிருந்து பார்படோஸ் தீவு வரை இருவர் இருவராகத் துடுப்பு வலிக்கும் போட்டியொன்றை ஏற்படுத்தினார். காலப்போக்கில் இத்தகைய போட்டிகள் அறப்பணிக்கு நிதி திரட்டும் பெருவாய்ப்பாக மலர்ந்தன.

ஒரே கடலில் இரு படகுகள்

2015 டிசம்பர் 20 அன்று, கானரித் தீவுகளுள் ஒன்றான லா கொமேராவிலிருந்து கரிபியக் கடலின் ஆன்டிகுவாத் தீவை நோக்கிப் பல படகுகள் புறப்பட்டன. இடைப்பட்ட தொலைவு ஏறத்தாழ 3,000 மைல். அவற்றுள் இரண்டினை மட்டும் இங்கே காண்போம்.

முதற் படகில் நால்வர். நால்வருக்கும் சேர்த்துக் கால்கள் மூன்றே! கேல் ராய்ஸ் ஆப்கானிஸ்தானில் வெடிகுண்டினால் இரு கால்களையும் இழந்தவர். பேடி கல்லஹர் அந்நாட்டிலேயே ஒரு காலை இழந்தவர். விமானப்படையின் பாரசூட் வீரரான நைஜல் ரோகாஃப், 1998-இல் கிறிஸ்துமஸ் தாத்தா வேடமணிந்து கால்பந்து மைதானத்தில் குதித்தபோது விபத்துற்றுக் காலிழந்தார். லீ ஸ்பென்சரோ, சாலை விபத்தில் சிக்கியவர்களுக்கு உதவ வண்டியை நிறுத்தி இறங்கியபோது, சிதறிவந்த இயந்திரப் பாகம் தாக்கிக் காலிழந்தார். அங்கம் இழந்தோர் மட்டுமே கொண்ட குழுவொன்று மாகடலைக் கடந்தது அதுவே முதன்முறை. அவர்களுக்குப் பிடித்தது 46 நாள்.

மற்றொரு படகில் நான்கு அன்னையர்: ஜேனட் பெனாடி, ஹெலன் பட்டர்ஸ், நிக்கி டோக், பிரான்சஸ் டேவிஸ். இங்கிலாந்தின் யார்க் நகரத்தவர். 45 முதல் 51 வரை வயதினர். பிள்ளைகள் பயின்ற பள்ளியின் வழியே பழகித் துடுப்புப் பிடிக்கக் கற்றவர்கள். 67 நாள் கடலிலிருந்து, 2016 பிப்ரவரி 25 அன்று கரையேறினர். அவர்கள் திரட்டிய நிதி, விபத்துற்றோரை மருத்துவமனைக்கு விரைந்து கொண்டுசெல்லும் வான்வழி ஆம்புலன்ஸ் சேவைக்கும், புற்றுநோயாளரையும் அவர்தம் குடும்பத்தாரையும் தாங்கும் மேகீஸ் நிலையங்களுக்கும் சென்றது.

இரு படகினரும் அவ்வாண்டின் கிறிஸ்து பிறப்பு விழாவை நடுக்கடலிலேயே கழித்தனர். வழக்கமாக இருவர் இரண்டு மணி நேரம் துடுப்பு வலிக்க, மற்ற இருவர் படகின் கோடியிலுள்ள சிற்றறையில் முடங்கி இரண்டு மணி நேரம் ஓய்வர். மீண்டும் முறை மாறுவர். இரவிலும் இதே கணக்குத்தான். சூரிய ஒளியால் இயங்கும் கருவி கடல்நீரை நன்னீராக்கித் தரும். உலர்த்திய உணவே சாப்பாடு. உப்பு நீர் பட்டுப் பட்டு உடலெங்கும் புண்.

இத்துணை வருத்தம் ஏன்?

இனி, நம் கேள்விக்கு வருவோம். ஒருவர் தம் பணத்தைக் கொடுத்தால் கொடை அவரோடு முடிகிறது. அவர் வருந்தி உழைப்பதைக் காணும்போதோ, அதுவரை கொடுக்க எண்ணாதோரும் ஆளுக்குச் சிறிது கொடுக்க முன்வருகின்றனர். சிறு துளி பெரு வெள்ளமாகிறது. மேலும், காலிழந்து மருத்துவமனையில் படுத்திருக்கும் இளைஞனுக்குப் பணம் மட்டும் போதுமா? "என் வாழ்வு முடிந்தது" என்று சுவரை நோக்கித் திரும்பியிருப்பவனுக்கு, அந்நால்வர் கரையேறிய காட்சி எந்த நிதியினும் பெரிய கொடையன்றோ!

எனினும், மறுபக்கத்தையும் கூறல் வேண்டும். படகுக்கும் உணவுக்கும் பயிற்சிக்கும் பெருந்தொகை செலவாகிறது. திரட்டும் நிதியிலிருந்தே அச்செலவைச் செய்தால் ஏழைக்கு எஞ்சுவது என்ன? ஆகவே செலவுக்கு வேறு ஆதரவாளரைத் தேடிக்கொள்வதே முறை. கொடுப்போரும், தம் பணம் எங்கே செல்கிறது என்று கேட்க உரிமையுடையவர்கள். வீட்டாரின் மனமொப்பிய சம்மதமின்றி எவரும் கடலில் இறங்குவதும் நன்றன்று. கரையில் காத்திருப்போரின் கவலையும் ஒரு சுமையே.

உடன்பிறந்தார் மூவர்

2025-இல் ஸ்காட்லாந்தைச் சேர்ந்த மெக்லீன் சகோதரர் மூவர், யூவன், ஜேமி, லாக்லன் ஆகியோர், தென் அமெரிக்காவின் பெரு நாட்டிலிருந்து பசிபிக் மாகடலைக் கடந்து, ஆகஸ்ட் 30 அன்று ஆஸ்திரேலியாவின் கெய்ன்ஸ் நகரை அடைந்தனர். 139 நாள்! ஒருமுறை அலையொன்று லாக்லனைக் கடலில் வீசிற்று. உடன்பிறந்தார் அவரை மீட்டனர். மடகாஸ்கர் தீவின் மக்களுக்குத் தூய குடிநீர் கிடைக்க வேண்டுமென்பதே அவர்தம் நோக்கம். தாயின் வயிற்றிலேயே இறந்துபோன தங்கள் சகோதரியின் பெயரான "ரோஸ் எமிலி" என்பதைப் படகுக்குச் சூட்டியிருந்தனர். பிறவாத உடன்பிறப்பையும் குடும்பத்தில் ஒருத்தியாக எண்ணிய அன்பு நம் நெஞ்சை நெகிழ்விக்கிறது.

மாகடலில் இறங்கும் வாய்ப்பு நம்மில் எவருக்கும் வாய்க்காதிருக்கலாம். ஆயினும், படுக்கையில் கிடக்கும் பாட்டியையோ, நீங்கா நோயுற்ற குழந்தையையோ இரவும் பகலும் பேணும் இல்லங்கள் நம்மிடையே எத்தனை! அங்கே பெரும்பாலும் ஒருவரே, அதிலும் தாயோ மகளோ மருமகளோ, ஓய்வின்றித் துடுப்பு வலித்துக்கொண்டிருக்கிறார். மற்றவர்கள் கரையில் நின்று பாராட்டுகின்றனர். அப்படகு எத்தனை நாள் மிதக்கும்? "இரண்டு மணி நேரம் நான் பார்க்கிறேன், நீ சற்றுப் படுத்துக்கொள்" என்று கூறி அவர் கைத்துடுப்பை வாங்கிக்கொள்பவர் ஒருவர் அவ்வீட்டில் உண்டாயின், அதுவும் பெருங்கொடையே.