விதைநெல் அறைக்குப் பாற்பூச்சு

விதைநெல் அறையின் சுவரிலும் பெட்டகத்தின் பலகையிலும் உள்ள வெடிப்புகளே வண்டுக்கும் அந்துப்பூச்சிக்கும் உறைவிடமாகும். அவற்றை அடைத்துப் பூசாவிடின், சென்ற போகத்தின் பூச்சி இப்போகத்தின் விதையைத் தாக்கும். வெறுஞ் சுண்ணாம்பு பூசினால் அது உதிர்ந்து நெல்லுடன் கலக்கும். எண்ணெய்ப் பூச்சோ விலை கூடியது. அதன் மணமும் விரைவில் நீங்காது. திரிந்த பாலைக் கொண்டு எளிதில் உதிராத பூச்சொன்றைக் கமக்காரர் தம் வீட்டிலேயே ஆக்கிக்கொள்ளலாம்.

பூச்சு இறுகும் வகை

பசுப்பாலின் புரதத்தில் ஏறத்தாழ 80 சதவீதம் கேசீன் ஆகும். பால் புளித்ததும் இது திரையாகப் பிரிகின்றது. இத்திரை தனியே நீரிற் கரையாது. நீறிய சுண்ணாம்புடன் சேர்ந்ததும் பசையாகின்றது. பூசிய பின்னர் சுண்ணாம்பு காற்றிலுள்ள காபனீரொட்சைட்டை ஏற்றுக் கல்லாக இறுகும். கேசீன் அதனைச் சுவருடன் பிணைக்கும். நீராவி இதனூடு செல்லுமாதலால் சுவரின் ஈரம் உள்ளே அடைபடாது.

செய்முறை

1. பாலின் ஆடையை முற்றாக நீக்குக. கொழுப்பு சுண்ணாம்புடன் சேர்ந்து சவர்க்காரமாகிப் பூச்சின் வலிமையைக் குறைக்கும்.

2. பாலை இளஞ்சூடாக்கி, திரை நன்கு பிரியும்வரை வினாகிரி அல்லது தேசிக்காய்ப் புளி சேர்க்க. துணியில் வடித்து, இருமுறை கழுவிப் பிழிக.

3. திரை 5 பங்குக்கு நீறிய சுண்ணாம்புக் களி 1 பங்கு சேர்த்து, கட்டியின்றிப் பசையாகும்வரை பிசைக. பின்னர் நீர் விட்டு இளக்குக. நிறம் வேண்டின் காவிமண் கலக்கலாம்.

4. வெடிப்புகளைக் கூட்டித் துப்புரவாக்கி, அடைத்து, சுவரைச் சிறிது நனைத்துப் பூசுக. மெல்லியதாக இருமுறை பூசுதல் நன்று. தடித்த பூச்சு வெடித்து உரியும்.

கவனிக்க வேண்டியவை

சுண்ணாம்பு கண்ணைக் கெடுக்கும். பட்டால் உடனே நிறைந்த நீரினாற் கழுவி வைத்தியரை நாடுக. கலவையை அன்றே முடித்துவிடுக, வைத்தால் அழுகும். பழைய எண்ணெய்ப் பூச்சின்மேல் இது ஒட்டாது. அப்பூச்சில் ஈயம் இருக்கக்கூடுமாதலால், அதனைத் தூள் பறக்கச் சுரண்டலாகாது. மழை படும் சுவருக்கும் எந்நேரமும் கசியும் சுவருக்கும் இது உதவாது. புரதமாதலின் பூஞ்சணம் பிடிக்கும்.

இப்பூச்சு வண்டைக் கொல்லும் மருந்தன்று. அதன் ஒளிவிடத்தை அடைப்பதே இதன் பயன். ஆகவே அறை முற்றாக உலர்ந்த பின்னர், ஈரப்பதன் 13 சதவீதத்துக்கு மேற்படாது காய்ந்த விதைநெல்லையே உள்ளே வைத்தல் வேண்டும். நல்ல பாலை இதற்கெனத் திரிக்க வேண்டாம், அது பிள்ளைகளுக்குரியது. வீணாகும் பாலே விதையைக் காக்கப் போதும்.