பொத்தானை அழுத்தியும் இயங்காத புதுக் கணினி: கேபினட் வயர்களையும் விசிறிகளையும் மதர்போர்டில் இணைப்பது எப்படி?

கொல்கத்தா: இந்தியக் கணினி வரலாற்றில் ஜாதவ்பூருக்குத் தனி இடம் உண்டு. இந்தியப் புள்ளியியல் நிறுவனமும் ஜாதவ்பூர் பல்கலைக்கழகமும் இணைந்து உருவாக்கிய 'ஐஎஸ்ஐஜேயு-1' என்ற கணினி 1966-ஆம் ஆண்டு செயல்பாட்டுக்கு வந்தது. இரு நிறுவனங்களின் பெயர்களில் உள்ள முதலெழுத்துகளைச் சேர்த்தே அதற்குப் பெயர் சூட்டப்பட்டது. வெற்றிடக் குழாய்களுக்குப் பதிலாக டிரான்சிஸ்டர்களைக் கொண்டு உள்நாட்டிலேயே வடிவமைக்கப்பட்ட கணினி அது. அந்தப் பணிக்குத் தலைமை வகித்த சமரேந்திர குமார் மித்ரா, 1953-ஆம் ஆண்டிலேயே புள்ளியியல் நிறுவனத்தில் ஒரு மின்னணு அனலாக் கணினியை உருவாக்கியவர்.

அந்தத் தலைமுறைக் கணினிகளில் எந்தக் கம்பி எங்கிருந்து எங்கே செல்கிறது என்பது அதை உருவாக்கிய பொறியாளர்களுக்கு அத்துப்படி. இன்றைய நிலை வேறு. கொல்கத்தாவின் சாந்தினி சவுக்கிலோ சென்னையின் ரிச்சி தெருவிலோ உதிரிபாகங்களை வாங்கி வந்து, ஒரே மாலைப்பொழுதில் கணினியைப் பூட்டிவிடலாம். பிராசஸரை ஒரு திசையில்தான் வைக்க முடியும். ரேம் தன் பள்ளத்தில் ஒரு வழியாகத்தான் அமரும். தவறு செய்ய இடமளிக்காத வகையில் இவை வடிவமைக்கப்பட்டுள்ளன. ஆனால் கேபினட்டின் முன்பக்கத்திலிருந்து தொங்கும் மெல்லிய வயர்களுக்கு அந்தப் பாதுகாப்பு முழுமையாக இல்லை. முதன்முறையாகக் கணினி பூட்டும் மாணவர்கள் தடுமாறுவது பெரும்பாலும் இங்கேதான். தவறாக அழுத்திய ஒரு இணைப்பான், மாதக்கணக்கில் சேமித்து வாங்கிய மதர்போர்டின் ஊசிகளை வளைத்துவிடக்கூடும். இத்தகைய சேதத்துக்குப் பொதுவாக வாரண்டியும் கிடைப்பதில்லை.

பொத்தான் அணைத்தாலும் மின்சாரம் உண்டு

பழைய 'ஏடி' வகை கேபினட்டுகளில் முன்பக்கப் பொத்தான் வரை வீட்டு மின்சாரமே வந்துசென்றது. பொத்தானை அணைத்தால் மின்சாரம் நேரடியாகத் துண்டிக்கப்படும். இன்டெல் நிறுவனம் 1995-ஆம் ஆண்டு 'ஏடிஎக்ஸ்' என்ற தரநிலையை வெளியிட்ட பிறகு இது மாறியது. இப்போதைய பவர் பொத்தான், வீட்டு வாசலில் உள்ள அழைப்பு மணியின் பொத்தானைப் போன்றது. விரல் பட்ட நொடியில் இரண்டு ஊசிகளை ஒன்றோடொன்று தொடச் செய்வது மட்டுமே அதன் வேலை. அந்தச் சைகையைப் பெற்ற பிறகு, எஸ்எம்பிஎஸ் எனப்படும் மின்வழங்கியை இயக்குமாறு கட்டளையிடுவது மதர்போர்டுதான்.

கணினி அணைந்திருக்கும்போதும் மதர்போர்டுக்கு 5 வோல்ட் மின்சாரம் வந்துகொண்டே இருக்கும் என்பது இதன் உட்பொருள். இல்லாவிட்டால் பொத்தானின் சைகையை அதனால் உணர இயலாது. எனவே வயர்களில் கை வைக்கும் முன், எஸ்எம்பிஎஸ்சின் பின்புற சுவிட்சை அணைத்து, சுவர் பிளக்கையும் கழற்றிவிட வேண்டும். அதன்பின் கேபினட்டின் வர்ணம் பூசாத உலோகப் பகுதியை ஒருமுறை தொட்டுக்கொள்வது நல்லது. உடலில் தேங்கிய நிலைமின்னேற்றத்தால் நேரும் பாதிப்பை அது குறைக்கும். கொல்கத்தாவின் மழைக்கால ஈரக்காற்றில் நிலைமின்சாரம் அவ்வளவாகச் சேராது. டிசம்பர், ஜனவரி மாதங்களின் வறண்ட காற்றில் அந்த நம்பிக்கை வேண்டாம்.

ஒன்பது ஊசிகளின் கணக்கு

மதர்போர்டின் கீழ்விளிம்பில், பெரும்பாலும் வலது மூலையில், இரு வரிசைகளாக ஒன்பது ஊசிகள் காணப்படும். பத்தாவது ஊசி இருக்க வேண்டிய இடம் காலியாக இருக்கும். இதுவே முன்பலகை இணைப்பு. ஒற்றைப்படை எண்கள் கொண்ட வரிசையில் 1, 3 ஆகிய ஊசிகள் ஹார்டு டிஸ்க் விளக்குக்கும், 5, 7 ஆகியவை ரீசெட் பொத்தானுக்கும் உரியவை. இரட்டைப்படை வரிசையில் 2, 4 ஆகியவை பவர் விளக்குக்கும், 6, 8 ஆகியவை பவர் பொத்தானுக்கும் உரியவை. 9-ஆவது ஊசியில் எதையும் செருகத் தேவையில்லை. பெரும்பாலான நிறுவனங்கள் இந்த வரிசையையே பின்பற்றுகின்றன. ஆனாலும் மதர்போர்டுடன் வரும் கையேட்டில் உள்ள படமே இறுதியானது. பெட்டியோடு சேர்த்துக் குப்பையில் போகும் முதல் பொருளும் அந்தக் கையேடாகவே இருக்கிறது.

பொத்தான்களுக்கு நேர்மின், எதிர்மின் பேதம் கிடையாது. பவர் பொத்தான் வயரை எந்தப் பக்கமாகத் திருப்பிச் செருகினாலும் அது வேலை செய்யும். எல்இடி விளக்குகளின் கதை வேறு. அவற்றின் வழியே மின்சாரம் ஒரு திசையில்தான் பாயும். மாற்றிச் செருகினால் விளக்கு எரியாது, வேறு சேதம் ஏதும் நேராது. திருப்பிச் செருகினால் சரியாகிவிடும். பொதுவாக வண்ண வயர் நேர்மின் முனையையும், வெள்ளை அல்லது கறுப்பு வயர் எதிர்மின் முனையையும் குறிக்கும். இணைப்பானின் ஓரத்தில் சிறு முக்கோணம் பொறிக்கப்பட்டிருந்தால் அதுவே நேர்மின் பக்கம்.

அனைத்தையும் பூட்டி முடித்து, பொத்தானை அழுத்தியும் கணினி அசையவில்லை என்றால் உடனே மதர்போர்டைப் பழிக்க வேண்டியதில்லை. பழுது பொத்தானிலா, பலகையிலா என்பதை அறியப் பழுதுநீக்குவோர் ஓர் எளிய வழியைக் கையாள்கின்றனர். 6, 8 ஆகிய ஊசிகளிலிருந்து வயரைக் கழற்றிவிட்டு, மின்சாரம் தந்த நிலையில், ஸ்க்ரூடிரைவரின் நுனியால் அந்த இரு ஊசிகளை மட்டும் ஒரு நொடி தொடச் செய்வார்கள். கணினி இயங்கினால் குறை பொத்தானில் உள்ளது. அப்போது ரீசெட் பொத்தானின் வயரைப் பவர் பொத்தானின் இடத்தில் செருகிப் பல ஆண்டுகள் ஓட்டியவர்களும் உண்டு. நுனி வேறு ஊசிகளில் படாதபடி கை நடுங்காமல் இருக்க வேண்டும் என்பது மட்டுமே நிபந்தனை.

ஒரே தோற்றம், வெவ்வேறு வேலை

உண்மையான அபாயம் அடுத்த இரு இணைப்புகளில் இருக்கிறது. யூஎஸ்பி 2.0 இணைப்புக்கும் ஒன்பது ஊசிகள், முன்பக்க ஒலி இணைப்புக்கும் ஒன்பது ஊசிகள். பார்வைக்கு இரட்டைப் பிள்ளைகள் போலவே இருக்கும். வேறுபாடு, காணாமற்போன ஊசி எது என்பதில்தான். யூஎஸ்பியில் மூலையில் உள்ள 9-ஆவது ஊசி இருக்காது. ஒலி இணைப்பில் 8-ஆவது ஊசி இருக்காது. இணைப்பானிலும் அதே இடத்தில் துளை அடைக்கப்பட்டிருக்கும். ஆகவே செருகும்போது தடை ஏற்பட்டால், இடம் தவறு என்றே பொருள். பலம் கொண்டு அழுத்தினால் ஊசி வளையும். 5 வோல்ட் மின்சாரம் போகக்கூடாத இடத்துக்குப் போகும் வாய்ப்பும் உண்டு.

யூஎஸ்பி 3.0 இணைப்பான் 19 ஊசிகள் கொண்ட தடித்த வகை. அதன் கேபிள் விறைப்பானது. கழற்றும்போது சாய்த்து இழுத்தால், பலகையில் உள்ள பிளாஸ்டிக் உறையே கையோடு வந்துவிடுவதுண்டு. நேர் மேலாக, இரு பக்கமும் மாறி மாறிச் சிறிது சிறிதாக அசைத்து எடுப்பதே முறை.

விசிறி: மூன்று ஊசியா, நான்கு ஊசியா?

மூன்று ஊசி விசிறியில் ஒரு வயர் தரைமுனை, ஒன்று 12 வோல்ட், மற்றொன்று விசிறி நிமிடத்துக்கு எத்தனை முறை சுழல்கிறது என்ற தகவலை மதர்போர்டுக்குத் தெரிவிப்பது. நான்காவது ஊசி உள்ள விசிறியில், வேகத்தைக் குறைக்கவும் கூட்டவும் 'பிடபிள்யூஎம்' என்ற துடிப்புச் சைகை கூடுதலாக வரும். மூன்று ஊசி விசிறியை நான்கு ஊசி இணைப்பில் தாராளமாகச் செருகலாம். பக்கவாட்டில் உள்ள பிளாஸ்டிக் நாக்கு அதைச் சரியான மூன்று ஊசிகளில் அமர்த்திவிடும். அவ்வாறு செருகிய விசிறி ஓயாமல் முழு வேகத்தில் இரைந்தால், பயாஸ் அமைப்பில் அந்த இணைப்பை 'பிடபிள்யூஎம்' நிலையிலிருந்து 'டிசி' நிலைக்கு மாற்ற வேண்டும். அதன்பின் மின்னழுத்தத்தைக் குறைத்து வேகம் கட்டுப்படுத்தப்படும். இரைச்சலுக்காக விசிறியையே மாற்றத் துணிபவர்கள் முதலில் இதைச் சோதிப்பது நலம்.

பிராசஸரின் மேலுள்ள விசிறியை 'சிபியூ ஃபேன்' என்று குறிக்கப்பட்ட இணைப்பில்தான் செருக வேண்டும். கேபினட் விசிறிகளுக்கு 'சிஸ் ஃபேன்' அல்லது 'சா ஃபேன்' என்ற இணைப்புகள் தனியே உள்ளன. இடம் மாறினால், விசிறி சுழன்றுகொண்டிருந்தாலும் அது இல்லை என்றே கருதி, பல மதர்போர்டுகள் எச்சரிக்கையுடன் நின்றுவிடும். விசிறியை அறவே மறந்துவிட்டால் பிராசஸர் 100 டிகிரி செல்சியசை நெருங்கும்போது தன் வேகத்தைத் தானே குறைத்து, அதற்கும் அடங்காவிட்டால் கணினியை அணைத்துவிடும்.

ஓர் இணைப்பு வழக்கமாக 1 ஆம்பியர் வரை தாங்கும். பிரிப்பு வயர் மூலம் இரண்டு, மூன்று சாதாரண விசிறிகளை அதில் இணைக்கலாம். அதற்கு மேல் வேண்டுமெனில், எஸ்எம்பிஎஸ்சிலிருந்து நேரடியாக மின்சாரம் பெறும் ஹப் தேவை.

வண்ண விளக்குள்ள விசிறிகளில் இன்னொரு வயர் இருக்கும். 'ஏஆர்ஜிபி' என்ற வகை 5 வோல்ட்டில் இயங்குவது, மூன்று ஊசிகள் கொண்டது. சாதாரண 'ஆர்ஜிபி' வகை 12 வோல்ட், நான்கு ஊசிகள். 5 வோல்ட் விளக்கை 12 வோல்ட் இணைப்பில் செருகினால் விளக்குகள் கருகிப்போகும். முன்பலகை எல்இடியைப் போல் திருப்பிச் செருகித் திருத்திக்கொள்ளும் தவறன்று இது.

காற்று எந்தத் திசையில்?

விசிறியின் திறந்த முகம் காற்றை உள்ளிழுக்கும். மோட்டாரைத் தாங்கும் குறுக்குச் சட்டங்கள் உள்ள முகம் காற்றை வெளித்தள்ளும். முன்பக்க விசிறிகள் உள்ளிழுக்கவும், பின்பக்கமும் மேற்பக்கமும் உள்ளவை வெளியேற்றவும் பொருத்தப்படுவது வழக்கம். முன்னும் பின்னும் இரண்டுமே உள்ளிழுத்தால் சூடான காற்று உள்ளேயே தங்கிவிடும். வயர்களை மதர்போர்டுத் தட்டின் பின்புறமாகக் கொண்டுவந்து கட்டுவது அழகுக்காக மட்டுமன்று. தொங்கும் வயர் விசிறியின் இதழில் சிக்கினால் விசிறி நின்றுவிடும்.

வெளியேறும் காற்றைவிட உள்ளே வரும் காற்று சற்று அதிகமாக இருந்தால் தூசு குறையும். காற்று வடிகட்டியின் வழியாகவே வருவதும், இடுக்குகள் வழியே உறிஞ்சப்படாததும் இதற்குக் காரணம். ஆனால் எந்த விசிறியாலும் அறையின் வெப்பத்துக்குக் கீழே கணினியைக் குளிர்விக்க இயலாது. மே மாதக் கொல்கத்தாவில் அறையே 35 டிகிரியில் இருந்தால் கணக்கு அங்கிருந்துதான் தொடங்கும். குளிர் நாடுகளின் அளவீடுகளைப் பார்த்து ஒரே ஒரு விசிறியோடு நிறுத்திக்கொள்வது சரியன்று. கேபினட்டின் பின்புறத்தில் பயன்படாத பிளவுகளின் தகடுகளையும் எறிந்துவிடக் கூடாது. அவ்வழியே பல்லியும் கரப்பான்பூச்சியும் உள்ளே நுழைவது நம் ஊர்களில் புதிதல்ல.

பக்கக் கதவை மூடும் முன் ஒருமுறை கணினியை இயக்கி, பயாஸ் திரையில் ஒவ்வொரு விசிறியின் சுழற்சி எண்ணிக்கையும் தெரிகிறதா என்று பார்க்க வேண்டும். பூஜ்யம் காட்டும் விசிறி சுழல்கிறதா என்பதைக் கண்ணால் உறுதிசெய்ய வேண்டும். சுழன்றும் பூஜ்யம் காட்டினால், பிரிப்பு வயரில் வேகத் தகவல் ஒரு விசிறியிலிருந்து மட்டுமே வரும் என்பதை நினைவிற்கொள்ளலாம். பின்னர் மீண்டும் பிளக்கைக் கழற்றிவிட்டு, முன்பலகை இணைப்பைக் கைப்பேசியில் ஒரு படம் எடுத்துக்கொண்டு கதவை மூடலாம். அடுத்த முறை தூசு தட்டத் திறக்கும்போது ஏதேனும் ஒரு வயர் கழன்று வந்தால், அந்தப் படம் கையேட்டைத் தேடும் வேலையை மிச்சப்படுத்தும்.