உப்பு கொடுத்த மெருகு, உப்பே உரிக்கும்

கடலடியில் முந்நூறு ஆண்டுகள் கிடந்தும் கெடாத பாண்டம், கரையேறிய சில வாரங்களில் மேல்பூச்சு உரிந்து பாழாகலாம். காரணம், அதற்குள் ஊறியிருக்கும் உப்பு.

இலங்கையின் காலித் துறைமுகத்தில் 1659 ஜூலை 2 அன்று டச்சுக் கிழக்கிந்தியக் கம்பெனியின் 'ஆவொண்ட்ஸ்டர்' கப்பல் நங்கூரம் நழுவி, தரைதட்டி மூழ்கியது. 2001 முதல் 2004 வரை நடந்த அகழாய்வில் கயிறு, கப்பி, மண்பாண்டம் என அக்கால மாலுமிகளின் அன்றாட வாழ்க்கையே சேற்றிலிருந்து மீண்டது.

அந்நாளைய டச்சுக் கப்பல்களில் பரவலாகப் புழங்கியது தாடிமுகக் குடுவை. ஜெர்மனியின் ஃப்ரெஷன் ஊர்க் குயவர்கள் இவற்றைப் பெருமளவில் செய்தார்கள். கழுத்தில் அச்சில் வார்த்து ஒட்டிய தாடிக்கார முகம். வயிற்றில் பெரும்பாலும் ஒரு வட்டச் சின்னம். ஆஸ்திரேலியக் கரையோரம் 1629இல் உடைந்த 'பட்டாவியா'விலும் 1656இல் உடைந்த 'வெர்குல்டே டிரேக்'கிலும் இவை கிடைத்துள்ளன.

இந்தக் குடுவைகளின் பளபளப்பு உப்பு தந்தது. சூளையின் சூடு 1,200 டிகிரி செல்சியஸை நெருங்கும்போது உப்பை உள்ளே வீசுவார்கள். ஆவியாகும் உப்பிலுள்ள சோடியம், களிமண்ணின் சிலிக்காவோடு சேர்ந்து கண்ணாடிப் படலமாகும். தடவிப் பார்த்தால் ஆரஞ்சுத் தோல்போல் பொடிக் குழிகள் தட்டுப்படும்.

கடலில் கதை மாறுகிறது. விரிசல்கள் வழியாகவும் உடைந்த விளிம்புகள் வழியாகவும் உப்புநீர் உள்ளே இறங்கும். நனைந்திருக்கும்வரை ஆபத்தில்லை. காய்ந்தால் உப்பு படிகமாகி, இடம் போதாமல் மெருகை உள்ளிருந்து நெம்பும். அதனால் மீட்ட பாண்டத்தை ஈரத்திலேயே வைத்து, கடல்நீரில் நல்ல தண்ணீரைச் சிறுகச் சிறுகக் கூட்டி, மாதக்கணக்கில் நீர் மாற்றுவார்கள். தொட்டி நீரில் சில துளி சில்வர் நைட்ரேட் விட்டால் வெள்ளையாகக் கலங்குகிறதா? உப்பு இன்னும் வெளியேறுகிறது என்று பொருள்.

2004 டிசம்பர் 26 ஆழிப்பேரலை, காலியில் கடலோரம் இருந்த தொல்லியல் கூடத்தைச் சிதைத்து, பாதுகாப்பில் இருந்த பொருட்கள் பலவற்றை வாரிச் சென்றது. பொருளை மீட்பதைவிட அதைக் காப்பதே கடினமான பாதி.

நம் பூம்புகார் கடலிலும் 1791, 1792 எனப் பொறித்த ஈயக் கட்டிகளுடன் ஒரு கப்பல் கிடக்கிறது. நம் கரையில் யார் வலையிலாவது பழைய ஜாடி சிக்கினால் தேய்த்துக் கழுவ வேண்டாம், வெயிலில் காயவைக்க வேண்டாம். கடல்நீர் நிரம்பிய வாளியிலேயே வைத்துத் தொல்லியல் துறைக்குத் தகவல் கொடுங்கள்.