கண்ணிமைப் பொழுதை அளக்கும் அடிக்கோல்

எழுத்தின் ஒலியளவாகிய மாத்திரையைக் கண்ணிமைத்தலையும் கைந்நொடித்தலையும் கொண்டு வரையறுத்தார் தொல்காப்பியர். அத்தகைய சிறு பொழுதை வகுப்பறையில் அளப்பதற்கு ஓர் அடிக்கோலே போதும்.

ஒரு மாணவர் 30 செண்டிமீட்டர் அடிக்கோலின் மேல்நுனியைப் பிடித்துச் செங்குத்தாகத் தொங்கவிடவேண்டும். மற்றொருவர் கீழே, சுழிக்குறியின் இருபுறமும், கோலைத் தொடாமல் விரல்களை விரித்து வைத்திருத்தல் வேண்டும். முன்னறிவிப்பின்றிக் கோலை விட்டதும் அவர் பற்றவேண்டும். 20 செண்டிமீட்டர்க் குறியில் பற்றினால், கழிந்த நேரம் ஏறத்தாழ 0.2 விநாடி. 5 செண்டிமீட்டராயின் 0.1 விநாடி; அது பெரும்பாலும் முன்கூட்டி ஊகித்துப் பற்றியதாகவே இருக்கும். ஆதலின் ஐந்து முறை செய்து சராசரி காணல் நன்று. விழும் பொருளின் விரைவு வளர்ந்துகொண்டே செல்வதால், தொலைவு நான்கு மடங்காயினும் நேரம் இரு மடங்கே ஆகிறது.

கண் கண்டதை மூளை உணர்ந்து, நரம்பின் வழியே ஏவித் தசையை இயக்கவேண்டும். எவ்வளவு பழகினும் இந்நேரம் சுழியாகாது.

வகுப்பில் விளையாட்டாகத் தோன்றும் இக்காலம் சாலையில் உயிரைக் காப்பது. 1985இல் திறக்கப்பட்ட பினாங்குப் பாலத்தில் மணிக்கு 80 கிலோமீட்டர் விரைவில் செல்லும் வண்டி, 0.2 விநாடியில் 4.4 மீட்டர் ஓடிவிடும். எதிர்பாராத இடரைக் கண்டு பிரேக்கை மிதிக்க ஒரு விநாடிக்கு மேலும் ஆகலாம். ஒரு விநாடியில் வண்டி 22 மீட்டர் கடந்திருக்கும். முன்வண்டிக்கு இடம்விட்டுச் செல்லும் வழக்கத்தின் காரணத்தை மாணவர் இவ்வடிக்கோலாலேயே உணர்வர்.